கீழ்மூலையை வெட்டிய வரைபடம்

"அக்கா, இது நம்முடைய பணியாரம்தானே?" என்று கேட்டுக்கொண்டே தரப் பிரிவுப் பெண் தன் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

பணியாரம் என்பது எங்கள் பட்டறை வைத்த செல்லப் பெயர். 6061 ரக அலுமினியக் கட்டியைக் குடைந்து, வரிசை வரிசையாகக் குழிகள் எடுத்து, விளிம்பைச் சுற்றி எம்3 திருகுத் துளைகள் போட்ட ஓர் உறை. ராணுவ விமானம் ஒன்றின் மின்னணுக் கருவி அதற்குள் உட்காரும். கையில் எடுத்துப் பார்க்கிறவர்களுக்குப் பணியாரச் சட்டிதான் நினைவுக்கு வரும், போர் வராது.

திரையில் இருந்தது அந்த உறையின் வரைபடத்தைப் பிடித்த ஒரு புகைப்படம். திருகுத் துளைகளைச் சுற்றிச் சிவப்பு வட்டங்கள், பக்கத்தில் சீன எழுத்தில் ஒரு கேள்வி: இந்தத் துளைகளை மூடிவிட்டு முலாம் போடுவதா, திறந்தே போடுவதா? பினாங்கில் சீன எழுத்து யாரையும் திடுக்கிட வைக்காது. என் வயிற்றைக் கலக்கியது ஓரத்தில் இருந்த தொலைபேசி எண். சீனாவின் நாட்டுக் குறியீடான +86 என்று தொடங்கியது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வரைபடத்தின் வலது கீழ்மூலையைக் காணவில்லை. கைபேசியில் படத்தை வெட்டியபோது யாரோ அதையும் சேர்த்து வெட்டியிருந்தார்கள்.

ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகள் எங்கள் பட்டறையில் எப்படி மீறப்பட்டன என்பதை அந்த மூலையை வைத்தே சொல்லிவிடலாம். நிறுவனங்களின் பெயர்களையும் பாகத்தின் அளவுகளையும் விட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

எங்கள் இடம்

மலேசியாவின் பினாங்குத் தீவில், 1972-இல் தடையற்ற வணிக வட்டாரமாகத் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் ஓரத்தில் இருக்கிறோம். பெரும்பாலும் அரைக்கடத்தி இயந்திரங்களுக்கான பாகங்கள். அதோடு ஐந்தில் ஒரு பங்கு விமான, ராணுவ வேலை. என் பொறுப்பு ஏற்றுமதி விதிகள். ஆனால் நான் சட்டம் படித்தவள் அல்ல, ஷிப்பிங் மேசையிலிருந்து வந்தவள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுங்கத்துறையின் கே2 ஏற்றுமதிப் படிவம் என்று பதினொரு ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன். பெட்டி லாரியில் ஏறும்போதுதான் ஏற்றுமதி நடக்கிறது என்பது அந்த மேசையில் ஊறிய எண்ணம். புதிய பொறுப்புக்கு வந்த பிறகும் அது முழுதாகப் போகவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பணியாரத்தின் வரைபடம் எங்களுக்கு வந்த வழி சுத்தமானது. அமெரிக்க வாடிக்கையாளர், அந்நாட்டு வெளியுறவுத் துறையில் பாதுகாப்பு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் இயக்ககத்திடம் டிஎஸ்பி-5 என்ற உரிமம் வாங்கி அதை அனுப்பியிருந்தார். ஐடார் என்று தொழிலில் எல்லோரும் சொல்லும் அனைத்துலக ஆயுதப் போக்குவரத்து விதிகளில், வெளிநாட்டில் பாகம் செய்து வாங்குவதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. அதன் நிபந்தனைகள் தெளிவானவை. வரைபடத்தை அந்தக் கொள்முதல் ஆணைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். வேறு எவரிடமும் காட்டக்கூடாது. அதே நாட்டில் உள்ள துணை ஒப்பந்தக்காரருக்கு மட்டும் விலக்கு. அவரும் இதே நிபந்தனைகளுக்கு எழுத்தில் கட்டுப்பட வேண்டும். வேலை முடிந்ததும் வரைபடத்தைத் திருப்ப வேண்டும், அல்லது அழிக்க வேண்டும்.

இத்தனைக்கும் நாங்கள் கையெழுத்துப் போட்டிருந்தோம். கையெழுத்துப் போட்டவள் நானேதான்.

வெள்ளி மாலை முதல் செவ்வாய் வரை

வழக்கமாக முலாம் போட்டுத் தரும் கடையில் அமிலத் தொட்டி பழுது. அடுத்த வாரம் பாகம் போயாக வேண்டும். கொள்முதல் பிரிவில் இருக்கும் தம்பி வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு, பாலம் அடைத்துக்கொள்ளும் நேரத்தில், அக்கரையில் பிறை என்ற ஊரில் உள்ள வேறொரு முலாம் நிறுவனத்தின் விற்பனையாளருக்கு வாட்ஸ்அப்பில் வரைபடத்தை அனுப்பி விலை கேட்டார். விற்பனையாளர் அதைத் தன் நிறுவனத்தின் பொறியியல் குழுவுக்குத் தள்ளிவிட்டார். அந்தக் குழுவில் இருந்தவர்களில் பாதிப் பேர் சீனாவின் சூச்சோவில் உள்ள தாய் நிறுவனத்துக்காரர்கள். கணக்குப் போடுவது அங்கேதான். செவ்வாயன்று விலைப்புள்ளி வந்தது, படமும் கேள்வியும் சேர்ந்து.

நான்கு நாள். ஒரு பெட்டி நகரவில்லை, ஒரு படிவம் நிரப்பப்படவில்லை, சுங்கச்சாவடியில் யாரும் எதையும் பார்க்கவில்லை.

தம்பியைக் கூட்ட அறைக்கு அழைத்துக் கேட்டேன். என்ன குற்றம் என்றே தெரியாத முகம். "போன வருடப் பயிற்சியில் வாடிக்கையாளர் பெயர் வெளியே போகக்கூடாது என்று சொன்னீர்களே அக்கா. அதனால்தான் அந்த மூலையை வெட்டிவிட்டு அனுப்பினேன்" என்றார்.

வலது கீழ்மூலையில் இருப்பது விவரக் கட்டம். வாடிக்கையாளர் பெயர், பாக எண், திருத்த எண் எல்லாம் அங்கேதான் இருக்கும். அதற்கு ஒட்டினாற்போல், நான்கு வரியில், இந்த வரைபடம் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது, அனுமதியின்றி வெளிநாட்டவரிடம் தரக்கூடாது என்ற எச்சரிக்கை. பெயரை மறைக்கப் போனவர் எச்சரிக்கையையும் சேர்த்து வெட்டியிருக்கிறார். பயிற்சி நடத்தியவள் நான். பெயரை மறையுங்கள் என்று ஒரு பக்கத்திலும், எச்சரிக்கை உள்ள வரைபடத்தைக் கவனமாகக் கையாளுங்கள் என்று அதற்கு மூன்று பக்கம் தள்ளியும் நானே எழுதியிருந்தேன். இரண்டும் ஒரே சதுரத்தில் குடியிருக்கின்றன என்று எனக்கே தோன்றவில்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். எச்சரிக்கை வரியால் ஒரு வரைபடம் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடுவதில்லை. அதில் இருக்கும் தகவலால் வருகிறது. வரியை வெட்டினாலும் கட்டுப்பாடு அப்படியே இருக்கும். ஆனால் பிறையில் அதைப் பெற்றவருக்கு மணியடிக்க வேறு எதுவும் இல்லை. எச்சரிக்கை கண்ணில் பட்டிருந்தால் அவர் அனுப்பியிருக்கமாட்டார் என்று சத்தியம் செய்ய முடியாது. குறைந்தபட்சம் ஒரு தடவை யோசித்திருப்பார்.

அழித்துவிடுங்கள் என்று சொல்லாதது

முதல் ஒரு மணி நேரத்தில் செய்த ஒரே சரியான காரியம், வாய்வரை வந்த ஒரு சொல்லை விழுங்கியது. "எல்லோரும் உடனே அழித்துவிடுங்கள்" என்று விற்பனையாளரிடம் சொல்லத்தான் கை போனைத் தேடியது. அழித்துவிட்டால் யாருக்கு எப்போது போனது என்பதற்குச் சான்று போய்விடும்; பிறகு யார் பார்த்தாலும் மறைக்கப் பார்த்ததாகவே தெரியும். எனவே முதலில் யார் யார் கையில் இருக்கிறது என்ற பட்டியல், நாள் நேரம் தெரியும் திரைப்படிகள். அதற்குப் பிறகு, இனி எவருக்கும் அனுப்பக்கூடாது என்ற கடிதம். கடைசியில்தான் அழித்ததாக எழுத்தில் உறுதி.

நான்கு நகல்கள் தேறின. எங்கள் தம்பியின் கைபேசி, பிறை விற்பனையாளரின் கைபேசி, அந்த வாட்ஸ்அப் குழு, சூச்சோவில் விலை போட்ட பொறியாளரின் கணினி.

அன்று மாலையே அமெரிக்க வாடிக்கையாளரின் ஏற்றுமதிப் பொறுப்பாளருக்குத் தகவல் போனது. நிர்வாகத்தில் ஒருவர், முழு விவரம் கையில் வந்த பிறகு சொல்லலாமே என்று இழுத்தார். காத்திருக்க இடமில்லை. ஐடார் மீறலை வழக்கமாக 'தானாக முன்வந்து அறிவித்தல்' என்ற வழியில் தெரிவிப்பார்கள்: முதலில் ஒரு சுருக்கமான அறிவிப்பு, 60 நாளுக்குள் முழு விவரம். ஆனால் தகவல் போய்ச் சேர்ந்த இடம் சீனா. ஆயுதத் தகவல் தரக்கூடாத நாடுகள் என்று விதியே பெயர் சொல்லி வைத்திருக்கும் பட்டியலில் சீனா உண்டு, மியான்மாரும் உண்டு. அப்படிப்பட்ட நாட்டுக்குப் போயிருக்கிறது என்று தெரிந்தால் உடனே தெரிவிப்பது கடமை. முன்வருவதும் வராததும் நம் விருப்பம் அல்ல. நாங்கள் சொன்னது செவ்வாய் மாலை. வாடிக்கையாளரின் வழக்கறிஞர் அன்றிரவே, எங்கள் நேரப்படி இரண்டு மணிக்கு, தொலைபேசியில் இருந்தார்.

ஒரு வரைபடத்துக்கு இத்தனை கூத்தா என்று கேட்டவர்கள் எங்கள் அலுவலகத்திலும் இருந்தார்கள். அவர்களுக்கு நான் எடுத்துக் காட்டியது ஹனிவெல் என்ற அமெரிக்க நிறுவனத்தை. விலைப்புள்ளி கேட்பதற்காக 2011-க்கும் 2015-க்கும் இடையில் 71 வரைபடங்களைச் சீனா உள்ளிட்ட நாடுகளுக்கு அனுமதியின்றி அனுப்பிய விவகாரத்தில், 2021 மே மாதம் அந்த நிறுவனம் அமெரிக்க வெளியுறவுத் துறையுடன் 13 மில்லியன் டாலருக்குத் தீர்வு கண்டது. எஃப்-35 போர் விமானத்தின் பாகங்களும் அவற்றில் இருந்தன. அவர்களும் உளவு பார்க்கப் போகவில்லை, விலைதான் கேட்டார்கள். குடிமைத் தண்டமே ஒரு மீறலுக்கு 1.2 மில்லியன் டாலருக்கு மேல் போகலாம் என்றதும் கூத்து என்ற சொல் அடங்கியது.

நம் நாட்டுச் சட்டம் எங்கே நுழைகிறது

பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அமெரிக்க விதியைப் பார்த்து முடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. மலேசியாவுக்கென்று வியூக வணிகச் சட்டம் 2010 இருக்கிறது, 708-ஆவது சட்டம். வாணிப அமைச்சின் கீழ் உள்ள வியூக வணிகச் செயலகம் அதைக் கவனிக்கிறது. அதன் பொருள் பட்டியலில் ராணுவப் பொருள்களுக்கு 22 தலைப்புகள், கடைசித் தலைப்பு தொழில்நுட்பம். ஏற்றுமதி என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் பொருளில் மின்னணு வழியாக அனுப்புவதும் அடங்கும். கே2 படிவத்தோடு வளர்ந்த என் போன்றவர்கள் அந்த வரியைச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும்.

இரண்டு சட்டங்களையும் இந்த நிகழ்வின் மேல் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். பினாங்குத் தீவிலிருந்து பிறைக்கு அனுப்பிய முதல் தட்டலிலேயே ஐடார் நிபந்தனை உடைந்துவிட்டது. துணை ஒப்பந்தக்காரர் இதே நாட்டில் இருந்தாலும் எழுத்து ஒப்பந்தம் இல்லை. நம் சட்டத்துக்கு அந்தத் தட்டல் ஏற்றுமதி ஆகாது, நாட்டுக்குள்ளேயே நடந்தது. பிறையிலிருந்து சூச்சோவுக்குப் போன இரண்டாவது தட்டல்தான் ஏற்றுமதி. அதைச் செய்தவர் நாங்களும் அல்ல. பொறுப்பைக் கைகழுவ இது நல்ல வாதமாகத் தோன்றும். செயலகத்துக்குக் கடிதம் எழுதியபோது அதை நான் பயன்படுத்தவில்லை. தகவலைக் கொடுத்துவிட்டு, அது எங்கே போகும் என்று கேட்காத கை எங்களுடையது.

இந்தச் சட்டம் வந்த கதையும் ஒரு பட்டறையில்தான் தொடங்குகிறது. 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போய்க்கொண்டிருந்த பிபிசி சைனா என்ற கப்பலை இத்தாலியில் தடுத்துச் சோதித்தபோது, யுரேனியம் செறிவூட்டும் சுழலிகளுக்கான பாகங்கள் அகப்பட்டன. செய்த இடம் நம் நாட்டின் ஷா ஆலம். பாகிஸ்தான் விஞ்ஞானி ஏ. கியூ. கானின் வலைப்பின்னல் துபாய் வழியாகக் கொடுத்த ஆணை அது. பாகங்கள் எதற்கு என்று செய்தவர்களுக்குத் தெரியாது என்பதே நம் காவல்துறை 2004-இல் வெளியிட்ட அறிக்கையின் சாரம். அதே ஆண்டு ஏப்ரலில், பேரழிவு ஆயுதங்கள் பரவாமல் தடுக்க எல்லா நாடுகளும் சட்டம் இயற்ற வேண்டும் என்ற ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1540-ஆவது தீர்மானம் வந்தது. ஆறு ஆண்டு கழித்து நம் நாடாளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. நானும் கடைசல் இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் வாழ்கிறவள். அந்தச் செய்தியை எப்போது நினைத்தாலும் ஒரே கேள்விதான் வரும். அந்தப் பட்டறையின் கொள்முதல் மேசையில் இருந்தவர் வரைபடத்தைப் பார்த்து என்ன பெயர் வைத்திருப்பார்?

பட்டியலில் இல்லாத பொருள் என்றாலும் தப்பிக்க முடியாது. தவறான பயனுக்குப் போகிறது என்று தெரிந்தாலோ சந்தேகிக்க நியாயம் இருந்தாலோ 30 நாளுக்கு முன் அறிவிக்க வேண்டும் என்கிறது 12-ஆவது பிரிவு. 2025 ஜூலையில் அமெரிக்கத் தயாரிப்பான உயர்திறன் செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளுக்கு அமைச்சு அனுமதி கட்டாயம் என்று சொன்னபோது கையில் எடுத்தது இந்தப் பிரிவைத்தான்.

தேடப் போனபோது கிடைத்தது

முழு விவர அறிக்கைக்காக, பணியாரத்தின் வரைபடம் கட்டடத்துக்குள் எங்கெல்லாம் இருக்கிறது என்று நடந்து பார்த்தேன். கணினி வழி இயங்கும் மூன்றாவது சி.என்.சி. இயந்திரத்தின் கதவில், காந்தத்தால் ஒட்டியபடி தொங்கியது. எண்ணெய் விரல் படிந்து மூலைகள் சுருண்டிருந்தன. ஏழு மாதமாக அந்த இயந்திரத்தை இயக்குகிறவர் மியான்மார்க்காரர்.

நாம் எல்லோரும் வெளிநாட்டுத் தொழிலாளர்களோடு வேலை செய்கிறோம், அவர்கள் இல்லாமல் பினாங்கில் இரவு நேர வேலை ஓடாது. ஆனால் ஐடார் கண்ணில், மியான்மார் குடிமகனிடம் அந்தத் தாளைக் காட்டுவது மியான்மாருக்கே கொடுப்பதற்குச் சமம். அவர் தாளைத் தாண்டி எதையும் பார்க்காதவர், எங்கள் ஆட்களிலேயே கைசுத்தமாக வேலை செய்கிறவர். எங்கள் பட்டறையில் அதுவரை யாரும் இதைக் கேட்டுப் பார்க்கவில்லை. அறிக்கையில் இரண்டாவது மீறலாக அதையும் சேர்த்தோம்.

அவரை அரைக்கடத்தி வரிசைக்கு மாற்றினோம், அதே சம்பளம், அதே கூடுதல் நேரம். மாற்றத்தைச் சொன்ன அன்று, தான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் ஏன் என்றார். விதியை விளக்கினேன். தலையாட்டினார். நான் சொன்னது அவருக்கு நியாயமாகப் பட்டது என்று நான் எண்ணவில்லை.

மாற்றியவை

தம்பிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றது நிர்வாகம். கொடுத்தால் என் பெயரை முதலில் போடுங்கள் என்றேன். காரணம் நல்லெண்ணம் அல்ல, கணக்கு. புதிய முலாம் கடையை முறைப்படி ஏற்க எங்கள் படிவம் ஒன்பது பக்கம், ஆகும் காலம் மூன்று வாரம். அவர் கையில் இருந்தது ஒரு வாரம். நேர்வழியை அத்தனை நீளமாகப் போட்டு வைத்துவிட்டு, குறுக்கே போனவரைத் தண்டித்தால் அடுத்தவர் குறுக்கே போனதைச் சொல்லாமல் மறைப்பார். கடிதம் வரவில்லை. படிவம் இரண்டு பக்கமாகச் சுருங்கியது. எழுத்து ஒப்பந்தம், தாய் நிறுவனம் எங்கே, விலை போடுகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்ற மூன்றும் அதில் முதல் கேள்விகள். மூன்றாவது கேள்வியை இதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அவசரம் என்றால் இரவு பத்து மணிக்கும் என்னை அழைக்கலாம். அழைக்கிறார்கள்.

முலாம் கடைக்கு இனி முழு வரைபடம் போகாது. நாங்கள் போடும் முலாம் கடின ஆனோடைசிங், அதாவது அலுமினியத்தின் மேற்பரப்பிலேயே ஆக்சைடு படலம் வளர்ப்பது. படலம் ஏறத்தாழ 50 மைக்ரான், அதில் பாதி உலோகத்துக்குள் இறங்கும், பாதி வெளியே வளரும். அந்த வளர்ச்சிக்கு இடம்விட்டுக் கடைவது எங்கள் வேலை. கடைக்காரருக்கு வேண்டியது உலோக ரகம், மேற்பரப்பின் பரப்பளவு, படலத்தின் தடிமன், எந்தத் துளைகளை மூட வேண்டும் என்பவை மட்டுமே. அவற்றை வைத்துத் தனியாக ஒரு முலாம் வரைபடம் போட்டோம். அளவுகளை நீக்கினால் கட்டுப்பாடும் நீங்கிவிடும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கட்டுப்பட்ட வரைபடத்திலிருந்து பிறந்தது இது. ஒப்பந்தமும் எச்சரிக்கையும் இதற்கும் உண்டு. முடிவு செய்தது வாடிக்கையாளர், நாங்கள் அல்ல.

எச்சரிக்கையை மூலையிலிருந்து எடுத்து, பாகத்தின் உருவத்தின் மேலேயே சாய்வாக, வெளிறிய எழுத்தில் ஓட விட்டேன். வெட்டினால் பாகமும் போய்விடும் என்பது கணக்கு. முதல் வாரத்திலேயே கருவியறை அண்ணன் இரண்டு உறைகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். வெளிறிய எழுத்தின் வளைவு ஓர் அளவின் மேல் விழுந்ததில் 3 என்பது 8 ஆகத் தெரிந்து, குழி ஆழமாகிவிட்டது. "சட்டத்தைக் காப்பாற்றிவிட்டீர்கள் அம்மா, பாகத்தைத்தான் காணோம்" என்றார். எழுத்தை அளவுகள் இல்லாத இடைவெளிகளில் நான்கு இடமாகப் பிரித்துப் போட்டது அவருடைய யோசனை.

வாடிக்கையாளர் நான்கு மாதம் புதிய ஆணை தரவில்லை. பிறகு நேரில் வந்து இரண்டு நாள் தணிக்கை செய்தார்கள், இயந்திரக் கதவுகளைத் திறந்து பார்த்தார்கள், முலாம் கடைக்கும் போனார்கள். அமெரிக்கத் தரப்பில் விவகாரம் தண்டம் இல்லாமல் முடித்துவைக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. பணியாரம் மறுபடியும் ஓடுகிறது, மூன்றாவது இயந்திரத்தில், வேறு ஆளோடு.

நான்கு நகல்களில் மூன்றுக்கு அழித்ததற்கான கையெழுத்து என் கோப்பில் இருக்கிறது. சூச்சோவில் விலை போட்ட பொறியாளர் இதற்கிடையில் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் கணினி யாரிடம் போனது என்று பிறை விற்பனையாளருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் திங்களன்று அந்த விற்பனையாளருக்கு ஒரு நினைவூட்டல் அனுப்புகிறேன். சென்ற மாதம் போனது பதினான்காவது.